நானோகுழாய் பேட் எட்டு வருடம் தாங்குமா? சோதித்துப் பார்க்கும் முறை

சப்ளையர் அனுப்பிய கவரைப் பிரித்தால் உள்ளே கறுப்பாக ஒரு தகடு இருக்கும். தபால்தலை அளவுதான். எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் வெளிச்சம் பட்டு மின்னாது. நல்ல வெல்வெட் துணி போலத் தெரியும். பார்த்ததும் விரல் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். விரல் பட்டால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கறுப்பு முழுக்க கார்பன் நானோகுழாய்கள். மெல்லிய உலோகத் தகட்டின் இரண்டு பக்கமும் நாற்று நட்டது போலச் செங்குத்தாக வளர்ந்து நிற்கின்றன. மாஸ்ஃபெட்டுக்கும் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறிய மின்னணு சுவிட்ச்) ஹீட் சிங்குக்கும் (அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகம்) நடுவில் இதை வைத்து இறுக்கி, வெப்பம் கடக்க எவ்வளவு தடை இருக்கிறது என்று முதல் நாள் அளந்தால் எண் அழகாக வரும். எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த மாஸ்ஃபெட் உட்காரப்போவது மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குள். வெயிலில் நிற்கும், மழையில் நனையும், ஸ்பீடு பிரேக்கரில் எகிறும். எட்டு வருடம் ஓட வேண்டும்.

ஓசூரில் இப்படிப்பட்ட கன்ட்ரோலர்களைச் சோதிக்கும் கூடத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் நாள் எண்ணுக்கும் எட்டாவது வருட எண்ணுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பதை ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நானோகுழாய் பேட் வந்த புதிதில் இதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லித்தர எங்களுக்கு ஆள் இல்லை. தப்புச் செய்து கற்றுக்கொண்டோம். அடுத்து வருபவர்கள் அதே தப்பில் ஆறு மாதத்தை இழக்கக்கூடாது.

எது கெடும் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

சுமியோ இஜிமா 1991-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் உலகமே நானோகுழாய் பக்கம் திரும்பியது. 2001-இல் பெர்க்லியில் பல சுவர் கொண்ட ஒரே ஒரு குழாயைத் தொங்கவிட்டு அளந்தார்கள். அதன் வெப்பக் கடத்துதிறன் அறை வெப்பநிலையில் ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 3000 வாட்டுக்கு மேல் வந்தது. செம்புக்கு இது 400 அளவில்தான். விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த 3000-தான். உங்கள் பேட்டில் அது கிடைக்காது.

காரணம் எளிது. நாற்றங்காலை மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்தது போல இருக்கும். உள்ளே இறங்கிப் பார்த்தால் நாற்றைவிட இடைவெளிதான் அதிகம். இங்கேயும் அப்படித்தான்: பெரும்பாலும் மொத்த இடத்தில் சில சதவீதம் மட்டுமே குழாய், மிச்சம் காற்று. அதைவிட முக்கியமானது நுனி. எல்லாக் குழாயும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை, எதிர்ப்பக்கத்து உலோகத்தை ஒரு பகுதிதான் தொடுகிறது. தொடும் நுனியும் பசை போட்டு ஒட்டியது போல ஒட்டுவதில்லை. குழாய்க்குள் வெப்பம் விரைந்து ஓடும். குழாயை விட்டு இறங்குமிடத்தில்தான் நெரிசல்.

ஆயுளுக்கும் இதே கணக்கு. குழாய் தானாகக் கெடுவது அபூர்வம். காற்றில் அது எரியத் தொடங்கவே 400, 500 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும். எங்கள் கன்ட்ரோலர் அதற்கு எத்தனையோ முன்னாலேயே தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நாள்பட நாள்படக் கெடுவது தொடுமிடங்கள்: குழாயின் நுனி, தகட்டில் வேர் பிடித்திருக்கும் அடி, எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தும் போல்ட். என்ன சோதனை செய்தாலும் இந்த மூன்றில் எதைச் சோதிக்கிறேன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லாத சோதனைக்குச் சேம்பர் (சூடு, குளிர், ஈரம் கொடுக்கும் சோதனைப் பெட்டி) நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இதே இடத்தில் வழக்கமாகத் தடவும், வெப்பம் கடத்தும் கிரீஸ் இருக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு பாடு? கிரீஸ் வெளியேறிவிடும், அதுதான் காரணம். செம்பு ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும், அலுமினியம் 23 பங்கு. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள செம்பு அடித்தகட்டை அலுமினிய ஹீட் சிங்கில் பூட்டி 100 டிகிரி சூடாக்கினால் இரண்டுக்கும் 0.06 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இந்த உரசலும், கூடவே தகடு லேசாக வளைந்து நிமிர்வதும் சேர்ந்து கிரீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளும். சில ஆயிரம் தடவைக்குப் பிறகு திறந்தால் நடுவில் காய்ந்த திட்டு, ஓரத்தில் வழிந்த கோடு. நானோகுழாயில் வழிய எதுவும் இல்லை. உரசலுக்கு ஏற்ப நாணல் போல வளைந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வளைந்து கொடுக்கும் குணத்துக்காகவே இதை நான் நம்புகிறேன்.

சோதனைக்கு முன் பேட்டின் பின்னணியையும் விசாரியுங்கள். 'நானோகுழாய்' என்று பெயர் போட்டு வரும் பல பொருட்களில் குழாய் நட்டு வளர்க்கப்படுவதில்லை. சிலிகோன் கிரீஸிலோ ரப்பர் பேட்டிலோ கொஞ்சம் தூளாகக் கலக்கப்பட்டிருக்கும். அது கிரீஸ் போலவே வெளியேறும், ரப்பர் போலவே இறுகும். அதை கிரீஸாகவே நினைத்துச் சோதியுங்கள். நான் இங்கே எழுதுவது செங்குத்தாக வளர்ந்த குழாய்களைப் பற்றி.

உங்கள் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு தாளை எடுத்துக்கொண்டு நான்கு விஷயம் எழுதுங்கள்: இணைப்பு (மாஸ்ஃபெட், பேட், ஹீட் சிங்க் மூன்றும் சேர்த்துப் பூட்டியது) எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரி வரை போகிறது, எத்தனை தடவை, ஈரம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு.

தடவையைக் கணக்கிடுவது கடினம் இல்லை. ஸ்கூட்டர் தினமும் நான்கு சவாரி, வருடத்துக்கு 300 நாள், எட்டு வருடம் என்றால் 9,600. ஒவ்வொரு மேம்பாலமும் ஒரு சின்ன ஏற்ற இறக்கம், அது தனிக் கணக்கு. அழுத்தத்தைத்தான் பலர் எழுத மறக்கிறார்கள். கிரீஸை ஒரு தடவை நசுக்கிப் பரப்பிவிட்டால் அதற்குப் பிறகு அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கும். நுனிகள் எதிர்ப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க அழுத்தம் கடைசி நாள் வரை வேண்டும்.

சாம்பிள் கட்டுவது

ஒரே மாதிரி எட்டு இணைப்பாவது கட்டுங்கள். மூன்று போதாது, ஒன்று விலகிப்போனால் எதை நம்புவது என்றே தெரியாது. பக்கத்திலேயே இப்போது பயன்படுத்தும் கிரீஸில் எட்டு. கூடவே இரண்டு இணைப்பைக் கட்டி எந்தச் சேம்பரிலும் போடாமல் அலமாரியிலேயே வையுங்கள். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் இந்த இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். அலமாரியில் சும்மா இருந்த சாம்பிளின் எண் மாறினால் மாறியது உங்கள் கருவி. இதைச் செய்யாத ஒரு வருடம், கருவியின் நகர்வைப் பேட்டின் வயோதிகம் என்று நம்பி ஒரு நல்ல பொருளை நாங்கள் நிராகரித்துவிட்டோம். இன்றும் எனக்கு அது உறுத்தல்தான்.

இரண்டு பக்கமும் உலோகம் எவ்வளவு தட்டை, எவ்வளவு வழவழப்பு என்று அளந்து எழுதுங்கள். உற்பத்தியில் என்ன ஹீட் சிங்க் வருமோ அதையே எடுங்கள். சோதனைக்காக மெருகேற்றிய தகட்டில் வரும் எண், கடையில் வாங்கும் ஸ்கூட்டரில் வராது.

போல்ட் இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். வெறும் வாஷரை விட்டுவிட்டு கிண்ணம் போல வளைந்த ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். இதைச் சொல்லித்தந்தவர் எங்கள் டெக்னீஷியன். ஒரு சாம்பிள் தொகுப்பு 200 சுற்றுக்குப் (ஒரு தடவை சூடாகி ஆறுவது ஒரு சுற்று) பிறகு ஒரேயடியாகச் சூடேறியது. நான் குழாய் நுனிகள் மடங்கிவிட்டன என்று பெரிய விளக்கம் எழுத ஆரம்பித்துவிட்டேன். அவர் ரெஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "மேடம், எழுதுறதுக்கு முன்னாடி நட்டைப் பாருங்க, எல்லாம் தளர்ந்து கிடக்கு" என்றார். "இருங்கண்ணே, நானும் வர்றேன்" என்று போய்ப் பார்த்தேன். அத்தனையும் தளர்ச்சி. அலுமினியம் சூடாகி ஆறும்போது போல்ட் தலைக்குக் கீழே கொஞ்சம் அமுங்கிவிடுகிறது. ஸ்பிரிங் வாஷர் அந்த அமுங்கலை ஈடுகட்டும். அதை மாற்றிய பிறகு அதே பேட் மாதக்கணக்கில் அசையவில்லை.

அளப்பது: திறக்காமல் அளக்க வேண்டும்

பேட்டைத் தனியாக அளக்க ஏஎஸ்டிஎம் டி5470 என்ற முறை இருக்கிறது. இரண்டு உலோகத் தண்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே சூடு, கீழே குளிர், தண்டின் நெடுகிலும் வெப்பநிலை. பொருள் வாங்கும்போது ஒன்றையொன்று ஒப்பிட இது நல்ல முறை. ஆயுள் சோதனைக்கு நான் இதை எடுப்பதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் பேட்டை எடுத்து, அளந்து, திரும்ப வைக்க வேண்டும்.

நாங்கள் முதலில் செய்த பெரிய தப்பு இதுதான். 250 சுற்றுக்கு ஒரு முறை இணைப்பைக் கழற்றி, தண்டுகளில் வைத்து அளந்து, மறுபடி பூட்டினோம். எண் ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும். குழப்பமோ குழப்பம். யோசித்தால் தெளிவாகத் தெரிகிறது: முதல் தடவை இறுக்கும்போது குழாய்கள் எதிர்ப்பக்கத்து மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி வளைந்து படிகின்றன. கழற்றினால் அந்தப் படிவு போச்சு. மறுபடி பூட்டும்போது ஒரு மேட்டுக்குப் படிந்த குழாய் வேறு பள்ளத்துக்கு நேரே நிற்கும். நாங்கள் அளந்தது பேட்டின் வயதை அல்ல, கழற்றி மாட்டிய எங்கள் கையை.

ஆகவே மாஸ்ஃபெட்டையே தெர்மாமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் டயோடில் சிறிய, மாறாத மின்னோட்டம் செலுத்தினால் அதன் மின்னழுத்தம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். முதலில் ஒவ்வொரு மாஸ்ஃபெட்டையும் சூட்டடுப்பில் 25, 50, 75, 100 டிகிரியில் வைத்து அதன் சொந்தக் கோட்டை வரைந்துகொள்ளுங்கள். பிறகு பெரிய மின்னோட்டத்தில் சூடாக்கி, நிலைபெற்றதும் சட்டென்று நிறுத்தி, ஆறும் வேகத்தை மைக்ரோ நொடியிலிருந்து பதிவு செய்யுங்கள். மின்னணு பாகங்களுக்குத் தர விதிகள் வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2010-இல் வெளியிட்ட ஜெஇஎஸ்டி51-14 இந்த அளவீட்டு முறையை விரிவாகச் சொல்கிறது.

இந்த ஆறும் கோடு ஒரு ஸ்கேன் படம் மாதிரி. ஆரம்பத்து மில்லி நொடிகளில் தெரிவது மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லும் அதை ஒட்டவைக்கும் சால்டர் என்ற ஈயப் பற்றும். அதற்குப் பிறகுதான் வெப்பம் பேட்டை எட்டும். கடைசியில் ஹீட் சிங்க். முதல் நாள் கோட்டையும் 1,000-ஆவது சுற்றின் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். ஆரம்பம் ஒட்டிப் போய் நடுவில் பிரிந்தால் பேட் மாறியிருக்கிறது. ஆரம்பத்திலேயே பிரிந்தால் சால்டரில் விரிசல். பேட்டின் மேல் பழி போடாதீர்கள். இரண்டையும் பிரித்துக் காட்டாத அளவீட்டால் பிரயோஜனம் குறைவு.

என்னென்ன சோதனை

மைனஸ் 40-இலிருந்து 125 வரை சேம்பரில் 1,000 சுற்று. இது வழக்கமானது, எல்லோரும் கேட்பது, செய்யுங்கள். ஆனால் சேம்பரில் எல்லாம் ஒன்றாகச் சூடாகி ஒன்றாக ஆறுகிறது. ஸ்கூட்டரில் சிலிக்கான் முதலில் சூடாகும், ஹீட் சிங்க் பின்னால் வரும், தகடு நடுவில் வளையும். அந்த வளைவுதான் நுனிகளைத் தூக்கிவிடும். அதனால் மின்னோட்டம் செலுத்திச் சூடாக்கி நிறுத்தும் பவர் சைக்ளிங்கைக் கட்டாயம் சேருங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அதிர்வுச் சோதனையைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். வேர் பிடித்திருக்கும் அடியைச் சோதிப்பது அதுதான். பக்கவாட்டு அசைவையும் சேர்த்துக் கொடுங்கள்.

அதிக வெப்பத்தில் சும்மா வைத்திருக்கும் சோதனை, உலர்ந்த குழாய்களுக்குப் பெரிதாக எதுவும் சொல்லாது. குழாய்களை ஒட்டப் பாலிமர் ஏதாவது பூசியிருந்தால் செய்யுங்கள்.

அப்புறம் ஈரம். 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம். இங்கேதான் விரல் கதை. ஒரு தொகுப்பில் ஒரே ஒரு சாம்பிள் மட்டும் வேகமாகக் கெட்டது. முடிவில் திறந்தோம். அலுமினிய ஹீட் சிங்கில், பேட்டின் ஓரத்தில், வெள்ளைப் பூ பூத்திருந்தது. லென்ஸில் பார்த்தால் அந்த வெள்ளை வரிவரியாக, வளைந்து வளைந்து போனது. ஒரு கட்டைவிரல் ரேகை! பூட்டும்போது கையுறை இல்லாமல் யாரோ ஹீட் சிங்கைத் தொட்டிருக்கிறார்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க நடுவில் உப்பு ஈரம் வந்தால் அது ஒரு சிறிய பேட்டரி, கரைவது அலுமினியம். கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டிக்கு இந்த உப்பு காற்றிலேயே வரும். கார்பன் தொடும் இடத்தில் வெற்று அலுமினியத்தை விடாதீர்கள், நிக்கல் பூசிய பரப்பு வையுங்கள், ஓரத்தைச் சுற்றி ஈரம் புகாதபடி அடையுங்கள். கையுறை எல்லா நாளும் வேண்டும்.

எண்ணைப் படிப்பது

ஒரு உதாரணக் கணக்கு. பேட்டின் தடை, 1 சதுர சென்டிமீட்டர் வழியாக 1 வாட் போனால் 0.2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இணைப்பு 4 சதுர சென்டிமீட்டர், போவது 100 வாட். பேட்டில் 5 டிகிரி ஏறும். சிலிக்கானிலிருந்து ஹீட் சிங்க் வரை மொத்தம் 40 டிகிரி.

பேட் பாதி கெட்டு, தடை இரு மடங்காகிறது. இப்போது பேட்டில் 10, மொத்தம் 45. மொத்தத்தில் கூடியது 12.5 சதவீதம். வாகன பவர் மாட்யூல்களுக்கான ஏக்யூஜி 324 வழிகாட்டியில் வெப்பத் தடை 20 சதவீதம் கூடினால் ஆயுள் முடிந்தது என்று கணக்கு. அந்த அளவுகோலை மொத்தப் பாதைக்கு அப்படியே வைத்தால், பாதி கெட்ட பேட் 'பாஸ்' ஆகிவிடும். பேட்டின் பங்கைத் தனியே பிரித்து, அதற்கென்று தனி வரம்பு வையுங்கள். நான் முதல் 100 சுற்றுக்குப் பின் வரும் எண்ணைத்தான் அடிப்படையாக எடுக்கிறேன். எங்கள் சாம்பிள்களில் ஆரம்பத்தில் குழாய்கள் இன்னும் கொஞ்சம் படிந்து எண் நன்றாக ஆவதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

சராசரியை மட்டும் எழுதாதீர்கள். எட்டில் ஏழு அசையாமல் ஒன்று மட்டும் ஏறினால், அந்த ஒன்றுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி.

அடுத்தது, 1,000 சுற்று சோதனை எத்தனை வருடத்துக்குச் சமம் என்று எல்லோரும் கேட்பார்கள். வழக்கமான சூத்திரம், சோதனையின் வெப்ப வீச்சை நிஜ வீச்சால் வகுத்து ஓர் அடுக்குக்கு உயர்த்தச் சொல்கிறது. சோதனையில் 165 டிகிரி, வண்டியில் 60 என்றால் விகிதம் 2.75. அடுக்கு 2 என்றால் 1,000 சுற்று ஏறக்குறைய 7,500-க்குச் சமம். அடுக்கு 4 என்றால் 57,000. நம் 9,600-க்கு முதலாவது போதாது, இரண்டாவது தாராளம். எல்லாம் அந்த அடுக்கில் இருக்கிறது. சால்டருக்கு அளந்த அடுக்கைக் கடன் வாங்கி இங்கே போடக்கூடாது. சால்டர் விரிசல் விடுகிறது, இது தொடுதலை இழக்கிறது. இரண்டு அல்லது மூன்று வேறு வீச்சில் சோதித்து உங்கள் இணைப்புக்கு உரிய அடுக்கை நீங்களே கண்டுபிடியுங்கள். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்ற விதியும் வேதி மாற்றத்துக்கானது, தளர்ந்த போல்ட்டுக்கு அது தெரியாது.

கடைசியில் திறப்பது

எல்லா அளவும் முடிந்த பிறகு, ஒரே ஒரு தடவை, திறவுங்கள். அதற்கு முன் போல்ட்டின் டார்க்கை அளந்து எழுதுங்கள். பேட்டை இழுக்காமல், நேராக மேலே தூக்குங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். கறுப்பு தகட்டிலேயே இருக்கிறதா, எதிர்ப்பக்கத்து உலோகத்துக்குப் போய்விட்டதா? போயிருந்தால் வேர் பலவீனம், வளர்த்தவரிடம் பேச வேண்டும். கறுப்பு தகட்டிலேயே இருந்து, நடுவில் மட்டும் அழுத்தம் படாமல் புதிது போல நின்றால் அங்கே தொடவே இல்லை, தட்டைத்தன்மையைப் பாருங்கள். ஓரங்களில் பளபளவென்று நசுங்கியிருந்தால் அங்கே அழுத்தம் அதிகமாகி, குழாய்கள் நிரந்தரமாக மடிந்துவிட்டன. லேசாக வளைந்த குழாய் நிமிரும், மடிந்தது நிமிராது.

உதிர்ந்த கறுப்புத் துணுக்குகள் எங்கே போயின என்று சர்க்யூட் போர்டில் தேடுங்கள். நானோகுழாய் மின்சாரத்தையும் கடத்தும். இரண்டு கால்களுக்கு நடுவில் விழுந்த ஒரு துணுக்கு போதும், கன்ட்ரோலரே போய்விடும்.

இந்த வேலையைத் திறந்த மேசையில் செய்யாதீர்கள். காற்றை ஊதித் துடைக்கவே கூடாது. உறிஞ்சு விசிறியும், நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் உள்ள பெட்டிக்குள், ஈரத் துணியால் துடையுங்கள். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம். பல சுவர் குழாய்களில் எம்டபிள்யூஎன்டி-7 என்ற வகையை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் வாய்ப்புள்ளவற்றின் 2பி பட்டியலில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 2014-இல் சேர்த்தது. பேட்டில் வேர் பிடித்து நிற்கும் குழாய் அவ்வளவு எளிதில் காற்றில் பறக்காது, ஆனால் அறுக்கும்போதும் உரிக்கும்போதும் பறக்கலாம். எங்கள் கூடத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முகமூடியைச் சரியாக மாட்டத் தெரிந்த பிறகுதான் ட்வீசரைக் கையில் கொடுக்கிறேன்.

திறந்து பார்த்த சாம்பிளைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு பாதியையும் தனித்தனி மூடிப் பெட்டியில் வைத்து, சுற்று எண்ணிக்கை, டார்க், தேதி, பூட்டியவர் பெயர் எழுதி ஒட்டுங்கள். அந்தக் கட்டைவிரல் ரேகை பதிந்த ஹீட் சிங்க் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. ஈரச் சோதனை தொடங்கும் நாளில் அதை எடுத்து, பூட்ட உட்காருபவர் முன்னால் வைக்கிறேன்.